காணாததைக் கீறாதவர்

அவர் என்னைக் கீறிய படத்தை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. தாடைக்குக் கீழே இன்னொரு தாடை. சீலைச் சட்டைத் தோளில் மஞ்சள் கறை. கண் இரண்டிலும் பாதி நித்திரை. நீலச் சீலை உடுத்து, தலையைப் படிய இழுத்து, வடிவாகத்தான் போய் அவர் வீட்டு முன்னறையில் இருந்தேன். அவர் படத்தைத் திருப்பிக் காட்டினார்.

“என்னண்ணை இது? நான் இப்பிடியே இருக்கிறன்?”

தூரிகையைத் துணியில் துடைத்தபடி என்னை ஒருமுறை பார்த்தார், படத்தை ஒருமுறை பார்த்தார்.

“ஓம் பிள்ளை. தாடை இருக்குத்தானே?”

என் மனிசனுக்கோ அந்தப் படத்தில் அப்படியொரு விருப்பம். உள்ளதை உள்ளபடி போட்டிருக்கிறார் என்று சொல்லி எங்கள் முன்னறைச் சுவரில் கொழுவிவிட்டார். வருகிற சனம் படத்தைப் பார்க்கும், பிறகு என்னைப் பார்க்கும், தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் போகும்.

லண்டனில் மிச்சம் என்ற பகுதியில், எங்கள் வீட்டுக்கு நேரெதிரே அவருடைய வீடு. எண்பதுகளின் நடுவில் நாங்கள் அகதியாக வந்து இறங்கியபோது அவர்கள் அங்கே பழம் தின்று கொட்டை போட்டவர்கள். பகலில் அவருக்குக் கவுன்சில் வீடுகளின் கதவுக்கும் யன்னலுக்கும் பெயின்ட் அடிக்கிற வேலை. சனி ஞாயிறில் படம் கீறுவார். வரைகிறதை நாங்கள் கீறுகிறது என்றுதான் சொல்லுவோம். “கிழமையிலை அஞ்சு நாள் கதவு, ரெண்டு நாள் கான்வஸ். எனக்கெண்டு இவருக்கு நாளே இல்லை” என்பார் அக்கா. அக்கா என்று நான் சொல்வது அவருடைய மனைவியை. கூடப்பிறந்த அக்காகூட எனக்கு அந்தளவு இல்லை.

அண்ணையிடம் ஒரேயொரு பிடிவாதம் இருந்தது. கண்ணுக்கு முன்னால் இருக்கிறதைத்தான் கீறுவார். இல்லாததைச் சேர்க்கமாட்டார், இருக்கிறதை விடமாட்டார். தலைகீழாக நின்று கேட்டாலும் சரி.

ஒருமுறை எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் மகள் பெரியபிள்ளையானதுக்குச் சாமத்தியவீடு. மண்டபம் பிடித்தாயிற்று, வீடியோவுக்கு ஆள் சொல்லியாயிற்று. மணவறைக்குப் பின்னால் தொங்கவிட ஒரு பெரிய திரை வேண்டும், அண்ணைதான் கீறவேண்டும் என்று தாய்க்காரி வந்து நின்றாள். அரண்மனை, தாமரைக் குளம், இரண்டு பக்கமும் தோகை விரித்த மயில்.

“அரண்மனைக் குளத்தை நான் காணேல்லையே, தங்கச்சி.”

“அப்ப நீங்கள் கண்ட ஒரு குளத்தைக் கீறுங்கோவன் அண்ணை. நல்ல பறவையளோடை.”

பாவி, அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது. சடங்கன்று திரையை விரித்தால், எங்கள் வீட்டுப் பக்கம் உள்ள மிச்சம் கொமன் வெளியின் குளம். சாம்பல் வானம், சேற்றுக்கரை, கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிற வாத்துகள். ஒரு மூலையில் பஸ் தரிப்பிடம்கூட. பெட்டை நகையெல்லாம் போட்டு அம்மன் சிலையாட்டம் நடுவில் நிற்கிறாள், பின்னால் வாத்துக்கூட்டம். வீடியோக்காரன் கமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு வாத்து வந்து தலையை நீட்டியது. அந்தத் தாய்க்காரி வெகுகாலம் அவரோடு கதைக்கவில்லை. அக்காதான் பலகாரம் கொண்டுபோய்ச் சமாதானம் பேசினார்.

அதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற கதை. சிரிக்க முடியாததும் ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் லண்டனில் எங்கள் சனத்தின் முன்னறைகளுக்குப் போனால் சுவரில் ஒரு பனங்கூடல், ஒரு துலாக்கிணறு, ஒரு வேலிப் படலை என்று ஊர்ப் படம் தொங்கும். நல்லாகக் கீறத் தெரிந்த மனிசன் எதிர்வீட்டில் இருக்கிறபோது காசைக் கொடுத்துக் கடையில் ஏன் வாங்குவான் என்று ஒவ்வொருவராக அவரிடம் வருவார்கள். அவர் ஒருவருக்கும் கீறிக் கொடுக்கவில்லை. ஊர் நினைவில்லையா என்று கேட்டால், நினைவிருக்கு என்பார். பிறகென்ன என்றால், தலையை ஆட்டுவார்.

வெம்பிளியிலிருந்து வந்த ஒருவர் கோபத்தில் வாய்விட்டே சொல்லிவிட்டார். “ஊரை மறந்த ஆக்கள் நீங்கள். வெள்ளைக்காரன்ரை குளத்தைக் கீறத் தெரியுது, எங்கடை கிணத்தைக் கீற மனமில்லை.”

அண்ணை கோபிக்கவில்லை. “தம்பி, அந்தப் பக்கமெல்லாம் ஆமிக்காரன்ரை செல்லடி எண்டு நேற்றும் ரெலிபோனிலை சொன்னவை. கிணறு இருக்கோ, மூடிக் கிடக்கோ, எனக்குத் தெரியாது. நான் கீறித் தந்தால் நீர் அது இருக்கெண்டு நம்பிப்போடுவீர்” என்றார். வந்தவர் தேத்தண்ணீர் குடிக்காமலே எழும்பிப் போனார். எனக்கும் அன்றைக்கு அண்ணைமேல் எரிச்சல்தான். ஒரு கிணறு, நாலு கோடு, கீறிக் கொடுத்தால் என்ன குறைந்துபோகும் என்று வீட்டில் வந்து என் மனிசனோடு சண்டை பிடித்தேன்.

இனி ஒரு கோபுரத்தின் கதைக்கு வருகிறேன். ஒவ்வொரு கோடையும் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தால் கோச் பஸ் பிடித்துக் கடற்கரைக்குப் போவோம். ஒருமுறை கென்ட் பக்கம் ஒரு சின்ன ஊருக்குப் போனோம். மணலே கிடையாது, முழுக்கக் கூழாங்கல். சீலையோடு அதில் நடந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் பாடு தெரியும். நாங்கள் புட்டையும் இறைச்சிக்கறியையும் றோல்ஸையும் இறக்கி வைக்கிற நேரம், கரையோரம் தனியாக நின்ற ஒரு கோபுரத்தைப் பார்த்து அண்ணை அப்படியே நின்றுவிட்டார்.

கோபுரமென்றால் கோயில் கோபுரத்தை நினைத்துவிடாதீர்கள். கவிழ்த்து வைத்த வாளி மாதிரிக் கட்டையான, உருண்டையான ஒரு செங்கல் கட்டடம். வாசல் ஆளுயரத்துக்கு மேலே இருக்கிறது, ஏணி வைத்துத்தான் ஏறவேண்டும். யன்னல் என்று பேருக்கு ஒரு ஓட்டை. பக்கத்தில் நட்டிருந்த பலகையைச் சிறுசுகள் வாசித்துச் சொன்னார்கள்: நெப்போலியன் படையெடுத்து வருவான் என்ற பயத்தில் கட்டிய காவல் கோபுரமாம்.

“வந்தவனோ?” என்று அக்கா கேட்டார்.

“இல்லையாம் அன்ரி.”

“அடக் கடவுளே. வராதவனுக்கு இவ்வளவு செங்கல்லோ?” என்று சொல்லி, காற்றுக்கு மறைவாக அந்தச் சுவரடியில் போய் இருந்துகொண்டார். சாப்பாட்டுப் பையை மடியோடு அணைத்துக்கொண்டார், கடற்காகங்களுக்குப் பயந்து. அண்ணை அடுத்த நிமிடமே கான்வஸைத் தாங்கியில் நிறுத்திவிட்டார். புட்டு ஆறிப்போகிறது என்று கூப்பிட்டும் வரவில்லை.

இதில் என்ன வடிவைக் கண்டீர்கள் என்று நான் கேட்டேன். “ஒரு சோடனையும் இல்லை. காவலுக்கு நிண்டது, நிக்குது” என்றார். வேறு விளக்கம் அவரிடம் வராது.

அந்தப் படம் அன்றைக்கு முடியவில்லை, பிறகும் முடியவில்லை. வீட்டில் வைத்து ஒரு கோடு போடமாட்டார். கோபுரம் முன்னால் இருந்தால்தான் தூரிகையை எடுப்பார். வெயிலும் காற்றும் முதல்நாள் மாதிரி வாய்க்கிற கோடை நாளாகவும் வேண்டும். அதனால் கோச் அங்கே போகாத வருடங்களில் அக்காவும் அவரும் ரயில் ஏறிப் போனார்கள். அக்கா அந்தச் சுவரடியில் அதே இடத்தில் இருப்பார். அவர் அங்கே இருக்கிறபடியால் படத்திலும் இருந்தார்: மண்ணிறக் கோட்டு, கம்பளிச் சொக்ஸ், அதுக்கு மேலே செருப்பு, மடியில் பை. கண் கடலைப் பார்க்கவில்லை, கீறுகிறவரையும் பார்க்கவில்லை, பையைத்தான் பார்த்தது.

“என்னை ஏன் போடேல்லை?” என்று நான் கேட்டதுக்கு, “நீ ஒரு இடத்திலை இருந்தால்தானே பிள்ளை” என்றார்.

முதல் வருடம் கோபுரத்துக்குப் பக்கத்தில் பச்சை நிற வள்ளம் ஒன்று கரையேற்றிக் கிடந்தது. அதையும் கீறியிருந்தார், பலகைக்குப் பலகை அப்படியே. எனக்கு அந்தப் படத்தில் பிடித்ததே அந்த வள்ளம்தான். மறுபடி நாங்கள் எல்லோரும் கோச்சில் போனபோது வள்ளம் இல்லை. யார் கொண்டுபோனார்களோ. அண்ணை கொஞ்ச நேரம் அந்த வெறும் இடத்தைப் பார்த்தார். பிறகு பெட்டியைத் திறந்து, பெயின்ட் குழைக்கிற தட்டைக் கத்தியை எடுத்து, வள்ளத்தைச் சுரண்டத் தொடங்கினார். காய்ந்த பச்சை, தூள் தூளாகக் கூழாங்கல்லில் விழுந்தது.

“ஐயோ அண்ணை, அது அழகாயெல்லே இருந்தது!”

“இப்ப நிக்கேல்லையே.”

அக்கா சுவரடியில் இருந்தபடி சொன்னார்: “நான் இடையிலை எழும்பிப் போனாலும் உதுதான் நடக்கும், தங்கச்சி. அதுதான் இடம் விட்டு அசையிறேல்லை.” எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

அக்காவுக்கு ஒரு ஆசை இருந்தது. கோட்டும் சொக்ஸுமாகத் தான் படத்தில் காலத்துக்கும் இருக்கப்போகிறேனே என்ற கவலை. ஒரு கோடையில் கலியாணக் கூறையை உடுத்துக்கொண்டு வந்துவிட்டார். கோச் முழுக்க ஒரே பகிடி, இரண்டாம் கலியாணமோ என்று. அரக்குச் சிவப்பில் சரிகை போட்ட கூறை. ஆனால் அந்தக் காற்றுக்குக் கோட்டில்லாமல் யார் இருப்பது? மேலே கோட்டுத்தான்.

“இஞ்சருங்கோ, கோட்டை விட்டிட்டுக் கீறுங்கோவன். கூறை தெரியட்டும்.”

“கோட்டு இருக்கு. எப்பிடி விடுறது?”

“அப்ப கழட்டுறன்.”

கழற்றினார். நேராக நிமிர்ந்து இருந்தார். அண்ணை தூரிகையில் சிவப்பைத் தொட்டு ஒரு இழுப்பு இழுத்திருப்பார். கடல் காற்று அடித்த அடியில் அக்காவின் பல் கிடுகிடுக்கிற சத்தம் எங்களுக்கே கேட்டது. அண்ணை தூரிகையை வைத்துவிட்டு, அந்தக் கூழாங்கல்லில் தடுமாறித் தடுமாறிப் போய், கோட்டை எடுத்துப் போர்த்தி, கழுத்துவரை பொத்தான் பூட்டிவிட்டு வந்தார். திரும்பி வந்து அந்த மண்ணிறக் கோட்டையே கீறினார். கீழே ஒரு விரலளவு சிவப்புக்கரை மட்டும் தெரிகிறது.

அக்கா ஒரு மார்கழியில் போய்விட்டார். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. வயிற்றுநோ என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் வீடு திரும்பவில்லை. சுமங்கலி என்று அந்தக் கூறையைத்தான் உடுத்திக் கிடத்தினோம், கோட்டு இல்லாமல். பார்க்கப் பார்க்க எனக்குக் குளிரியது. அண்ணை சவப்பெட்டியின் தலைமாட்டில் நின்று வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணீரைக் காணவில்லை. பார்க்கத்தானே அவருக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

முப்பத்தோராம் நாள் வீட்டில் சாப்பாடு. அந்தப் படம் முன்னறையில் தாங்கியில் இருந்தது. கோபுரம் முடிந்திருந்தது, கடலும் முடிந்ததுபோலத்தான். வானத்தில் வலது மூலை மட்டும் வெறும் துணி. சுவரடியில் அக்கா. வந்த உறவுக்காரர் ஒருவர், “இதிலையாவது அவவைப் பாத்துக்கொண்டிருக்கலாம்” என்று சொன்னார். அண்ணை அந்தப் பக்கம் திரும்பாமலே, “அது திருத்த வேணும்” என்றார்.

அவர்களுக்கு ஒரே மகள், அப்போது வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். கறிச்சட்டியோடு நின்ற பிள்ளை விறைத்துப்போனாள். எனக்கும் அது காதில் விழுந்தது. பச்சைத் தூள் கூழாங்கல்லில் விழுந்தது என் கண்ணுக்குள் வந்தது.

அதுக்குப் பிறகு அவள் அந்தக் கோடையை நினைத்துப் பயந்து பயந்தே இருந்தாள். அந்த வருடம் கோச் அதே கடற்கரைக்கென்று அறிவித்திருந்தார்கள். போகிறதுக்கு முதல் சனிக்கிழமை காலை என் வீட்டுக் கதவைத் தட்டினாள். அழுது கண் வீங்கியிருந்தது.

“அன்ரி, அப்பா லொஃப்டிலை இருந்து பெயின்ட் பொக்ஸை இறக்கிட்டார். ஹீ வில் ஸ்கிரேப் ஹெர் ஓஃப். அம்மாவைச் சுரண்டிப்போடுவார். யூ நோ ஹிம், அன்ரி.”

“ஃபோட்டோ இருக்குத்தானே பிள்ளை” என்றேன், ஏதோ சொல்லவேண்டுமே என்று.

“ஃபோட்டோவிலை எல்லாம் அம்மா கமராவைப் பாத்துச் சிரிக்கிறா. இதிலை மட்டும்தான் அம்மா அம்மாவா இருக்கிறா.”

அவள் சொன்னது உண்மை. பையைப் பார்த்துக்கொண்டிருக்கிற அந்த முகத்தை எந்த ஃபோட்டோவிலும் நான் கண்டதில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, போட்டிருந்த வீட்டுடுப்போடே வீதியைக் கடந்து போனேன்.

மேசையில் பெட்டி திறந்து கிடந்தது. அண்ணை அந்தத் தட்டைக் கத்தியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு இருந்த பயத்தில் வாய் முந்திவிட்டது.

“அண்ணை, என்ரை தாடையைக் கீறினியள், பொறுத்தன். அந்தப் பெட்டைக்குப் பின்னாலை வாத்தைக் கீறினியள், சிரிச்சன். அக்காவிலை மட்டும் கத்தி வைச்சியளெண்டால் இந்த வீட்டுப் படி மிதிக்கமாட்டன். அது அக்கா. வள்ளமில்லை. இவளின்ரை முகத்தைப் பாருங்கோ. இருக்கிறதைத்தானே கீறுவியள்? இந்தப் பிள்ளை அழுகிறது இருக்கு. இதைப் பாருங்கோ.”

என்னையும் மகளையும் பார்த்தார். கனநேரம் பார்த்தார். “இருங்கோ ரெண்டு பேரும்” என்றார்.

நாங்கள் நின்றபடியே நின்றோம். அவர்தான் கதிரையில் இருந்தார்.

“போவம் எண்டுதான் பெட்டியை இறக்கினனான். ராத்திரி முழுக்க யோசிச்சுப் பாத்தன். போனனெண்டால் அந்தச் சுவரடியைப் பாக்கவேணும். அவ அங்கை இருக்கமாட்டா. கண்டாப் பிறகு இதிலை அவவை விட்டுவைக்க என்னாலை ஏலாது. என்ரை கை விடாது.” கத்தியைத் துணியில் சுற்றினார். “அதாலை நான் போகேல்லை. நான் இன்னும் காணேல்லைத்தானே.”

மகள் ஓடிப்போய் அவருடைய காலடியில் இருந்து அழுதாள். அவர் அவளுடைய தலையில் கையை வைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தபடி இருந்தார். அப்போ கிணற்றுக்கு ஒரு நியாயம், அக்காவுக்கு ஒரு நியாயமோ என்று என் வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அவர், பெட்டியைத் திரும்ப லொஃப்டில் வைக்கும்படியும், தனக்கு முழங்கால் ஏலாது என்றும் மகளிடம் சொன்னார்.

அதுக்குப் பிறகு வேறு பெட்டி, வேறு தூரிகை வாங்கினார். பஸ்ஸேறிப் போய் எத்தனையோ கீறினார். ட்ராம் பாதை போடக் கிண்டியபோது அந்தக் குழியைக்கூடக் கீறினார். கடற்கரைக்கு மட்டும் போகவில்லை. வானத்தின் அந்த மூலை வெறும் துணியாகவே கிடந்தது. வானம் எங்கேயும் ஒன்றுதானே, யன்னலால் பார்த்துக் கீறி முடிக்கலாமே என்று விபரம் தெரியாத யாரோ சொன்னதுக்கு, “இது எங்கடை வீதி வானம். அது வேற” என்றாராம்.

அந்தக் கோடை நானும் போகவில்லை; சில வருடம் கழித்துத்தான் கோச் மறுபடி அங்கே போனது. நான் போனேன். சாப்பாட்டையெல்லாம் இறக்கிவைத்த பிறகு, ஒருவருக்கும் சொல்லாமல் கோபுரத்தடிக்கு நடந்தேன். அக்கா இருந்த இடத்தில் யாரும் இல்லை. காற்று மறைப்பாக, வெயிலாக, நல்ல இடமாக இருந்தது. எனக்கு அதில் இருக்க மனம் வரவில்லை. கையால் சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

பின்னேரம் கோச் எங்களை இறக்கிவிட்டபோது அண்ணை தன் வீட்டுப் படலையடியில் நின்றார். எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது. நான் பாத்திரங்களோடு கிட்டப் போனேன்.

“கோபுரம் நிக்குதோ, பிள்ளை?”

“நிக்குதண்ணை. நான் கிட்டப் போய்...”

கையை உயர்த்தினார்.

“காணும், அது போதும். வேற ஒண்டும் சொல்லாதை.”

மீந்திருந்த றோல்ஸை ஒரு பையில் போட்டு அவர் கையில் கொடுத்துவிட்டு, வீதியைக் கடந்து என் வீட்டுக்கு வந்து, குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.